பின்வாசலிலிருந்து தொடங்குங்கள்: செட்டிநாட்டு வீட்டில் கார் கொட்டகையையும் சைக்கிளையும் திருட்டிலிருந்து காப்பது

பள்ளத்தூருக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், வீட்டின் பின்புறக் கார் கொட்டகையிலிருந்து என் சைக்கிள் ஒன்று திருட்டுப் போயிற்று. காலையில் கொட்டகையின் முன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது பூட்டுத்தான். திண்டுக்கல்லிலிருந்து வாங்கிவந்த எட்டு லீவர் பூட்டு அது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டியது பூட்டியபடியே, தன்னைத் தாங்கியிருந்த கொண்டித் தகட்டோடு சேர்ந்து கதவிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் படியின்மேல் கிடந்தன. கதவைச் சீர்செய்ய வந்த பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்ல பூட்டுத்தான் சார். தகட்டை வெளியிலேர்ந்துதானே திருகியிருக்கு? ஒரு திருப்புளி போதுமே" என்றார்.

அழகப்பா பல்கலைக்கழகத்திலோ செக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலோ பணி கிடைத்துக் காரைக்குடிப் பக்கம் வாடகைக்கு வந்திருப்பவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தாத்தா வீட்டுக்குத் திரும்பியிருப்பவர்கள், பிள்ளைகளுக்கு முதன்முறையாகச் சைக்கிள் வாங்கித் தந்திருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சைக்கிள் பாதுகாப்பைப் பற்றி எங்கு படித்தாலும், பூட்டு என்பது திருடனைத் தாமதப்படுத்தும் கருவி, அவன் தாமதித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதே அடிப்படைக் கணக்காக இருக்கும். செட்டிநாட்டில் அந்தக் கணக்கின் பிற்பாதி பல தெருக்களில் பொருந்துவதில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர் வீட்டில் காவல்காரர் ஒருவர் மட்டும், அதுவும் வீட்டின் மறுகோடியில் படுத்திருக்கிறார். ஆகவே இங்கே திருடனுக்கு நேரம் அதிகம். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாமே அந்த நேரத்தைக் குறைப்பதற்கும், எழும் சத்தம் ஒரு மனிதரின் காதில் விழச் செய்வதற்குமானவை.

முதல் வேலை: வீட்டை வெளியிலிருந்து பார்ப்பது

எதையும் வாங்குவதற்கு முன், ஒரு மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு, உங்கள் வீட்டை வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இங்குள்ள பழைய வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளவாக்கில் கட்டப்பட்டவை. திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசியில் கிணற்றடியும் வண்டிக் கொட்டகையும் வரும். மாட்டுவண்டி நின்ற கொட்டகையில் பின்னாளில் கார் நின்றது. இப்போது அங்கே ஸ்கூட்டரும் சைக்கிளும் பழைய கட்டிலும் தேங்காய் மட்டையும் கிடக்கின்றன. முகப்பில் பர்மாத் தேக்குக் கதவும் உட்புறம் குறுக்கே போடும் கணையமரமும் உண்டு. யானை வந்து முட்டினாலும் அசையாது. கொட்டகைக் கதவோ தகரத்தில் இருக்கும், அல்லது கறையான் தின்ற பலகையில் இருக்கும். முன்தெருவில் கோயிலும் கடையும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பின்தெருவில் சீமைக் கருவேலம் வளர்ந்திருக்கும். திருடன் எந்தத் தெருவில் வருவான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சுற்றி வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சைக்கிள் இருப்பது வெளியிலிருந்து தெரிகிறதா? கதவின் கீலும் திருகாணியும் வெளிப்பக்கம் இருக்கின்றனவா? சுவரை ஒட்டி மரமோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து இடிந்த வீட்டின் மேடோ ஏறுவதற்கு வாகாக இருக்கிறதா? இங்கே நின்று கடப்பாரையால் நெம்பினால், தூங்குகிற யார் காதிலாவது விழுமா? கடைசிக் கேள்விக்கு விடை 'இல்லை' என்றால், சைக்கிளைக் கொட்டகையில் வைப்பதையே மறுபரிசீலனை செய்வது நல்லது. இரண்டாங்கட்டின் தாழ்வாரம் சும்மா கிடக்கும் வீடுகளில், விலை உயர்ந்த சைக்கிளை அங்கே கொண்டுவந்து நிறுத்துவதைவிடச் சிறந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் டயர்க் கறை படியும் என்று வீட்டில் மறுப்பு எழக்கூடும். சக்கரங்களுக்கு அடியில் ஒரு பழைய சாக்கை விரித்தால் அந்த மறுப்பும் தீரும்.

கதவும் கொண்டியும்

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் அறிந்தவரையில், பணத்தைப் பூட்டில் போட்டுவிட்டுக் கதவை மறந்தவர்களே மிகுதி, அவர்களில் நானும் ஒருவன்.

மரக் கதவில் கொண்டியையும் அது மாட்டும் வளையத்தையும் திருகாணியால் பொருத்துவதே வழக்கம். வெளியில் தலை தெரிகிற எந்தத் திருகாணியும், திருப்புளி வைத்திருப்பவனுக்குத் திறந்த கதவுதான். அதற்குப் பதிலாக, தலை உருண்டையாகவும் வெட்டுக் குழி இல்லாமலும் இருக்கும் போல்ட்டை வெளியிலிருந்து கதவு முழுவதும் ஊடுருவச் செருகி, உட்புறம் அகலமான வாஷரும் மரையும் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் 'கேரேஜ் போல்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கதவுப் பலகை நைந்திருந்தால் உட்புறம் ஓர் இரும்புத் தகட்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டு மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பூட்டிய நிலையில் கொண்டித் தகடு மடிந்து போல்ட்டுத் தலைகளை மூடிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. சற்று விலை கூடினாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கீல். கொட்டகைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் கீல் ஆணிகள் தெருவைப் பார்த்தே இருக்கும். ஆணியைக் கீழிருந்து தட்டி உருவினால், பூட்டு ஒரு பக்கம் இருக்க, கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும். இரும்புக் கதவென்றால் ஆணியின் இரு முனைகளையும் வெல்டிங் வைத்துவிடலாம். மரக் கதவென்றால், கீல் பக்கத்து விளிம்பில் ஒன்றிரண்டு தடித்த ஆணிகளைப் பாதி வெளியே நீட்டியிருக்கும்படி அடித்து, தலையை அறுத்துவிட்டு, அவை போய் உட்காரும்படி நிலையில் துளையிட வேண்டும். கதவு மூடியிருக்கும்போது கீலையே கழற்றி எடுத்தாலும் அந்த ஆணிகள் கதவை நிலையோடு பிடித்துக்கொள்ளும். ஒரு தச்சருக்கு இது அரைநாள் வேலை.

புதிதாகக் கட்டிய கொட்டகைகளில் ரோலிங் ஷட்டர் போடுகிறார்கள். ஷட்டரின் இரு ஓரங்களிலும் பூட்டுப் போட்டுவிட்டு நடுப்பகுதியை விட்டுவிடுவது பொதுவான தவறு. நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் தகடு வளைந்து ஒரு ஆள் நுழையுமளவு இடம் கிடைத்துவிடும். நடுவிலும் தரையில் பதித்த வளையத்தோடு ஒரு பூட்டு வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து கொட்டகைக்கு இன்னொரு வழி இருக்குமானால், ஷட்டரை உட்புறமாகவே பூட்டிவிட்டு வெளியில் பூட்டே தெரியாமல் விடுவது இன்னும் மேல். கண்ணுக்குத் தெரியாத பூட்டை உடைக்க முடியாது. தெருவிலிருந்து பார்ப்பவனுக்கு வீட்டில் ஆள் இருப்பதாகவும் தோன்றும். வெளிப்பூட்டுத் தொங்கும் கதவு, ஆள் இல்லை என்பதற்குத் தானே எழுதிக் கொடுத்த சீட்டு.

மரக் கதவாக இருந்தாலும், உள்வழி உள்ள கொட்டகைகளுக்கு நான் சொல்வது முன்னோர் செய்ததைத்தான். இரு பக்கச் சுவர்களிலும் இரும்புத் தாங்கிகளைப் பதித்து, குறுக்கே ஒரு கணையமரத்தையோ கனமான இரும்புக் குழாயையோ போட்டுவிடுங்கள். முகப்புக்கு நூறாண்டுக்கு முன்பே தெரிந்திருந்த அந்தப் பாதுகாப்பைப் பின்கதவுக்குத் தராமல் விட்டதற்குக் காரணம், அன்று பின்கட்டில் எப்போதும் ஆள் இருந்தார்கள் என்பதே.

கூரை, ஜன்னல் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டு ஓட்டுக் கூரையானால் ஓட்டைப் பிரித்து இறங்குவது எளிது. சட்டங்களின் அடிப்புறம் தடித்த இரும்பு வலையை அடித்துவிட்டால் போதும். சிமென்ட் அட்டைக் கூரையானால் கொக்கி போல்ட்டுகளின் மரைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாத தூரத்தில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

கடப்பாரை, மண்வெட்டி, ஏணி, கட்டிங் பிளேயர் ஆகியவற்றைக் கொட்டகையில் வைக்காதீர்கள். கை வீசி வந்தவனுக்கும் அவை வேலையை எளிதாக்கிவிடும்.

தரையில் ஒரு பிடிமானம்

கதவு தோற்றாலும் சைக்கிள் நகராமலிருக்க வேண்டும் என்றால், அதை அசையாத ஒன்றோடு பிணைக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டி வைத்த சைக்கிளை இருவர் தூக்கி மினி வேனில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பூட்டை ஆற அமர ஊருக்கு வெளியே உடைத்துக்கொள்ளலாம்.

சிமென்ட் தரையாக இருந்தால், ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, தடித்த கம்பியை வளைத்து, அடிமுனைகள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக விரிந்திருக்கும்படி இறக்கி, ஜல்லிக் கலவை போட்டு நிரப்புங்கள். ஒரு வாரம் நீர் ஊற்றி இறுகவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். கடையில் கிடைக்கும் ஆங்கர் போல்ட்டு வைத்த வளையமும் கான்கிரீட் தரைக்குப் பொருந்தும். போல்ட்டுத் தலையை வெல்டிங் வைத்துத் திருக முடியாதபடி செய்துவிட வேண்டும். பழைய வீடுகளில் எச்சரிக்கை தேவைப்படுவது சுவரில்தான். அவை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர்கள். விரிந்து இறுகும் வகை போல்ட்டை அவற்றில் அடித்தால் காரை உதிரும். போல்ட்டு பிடிப்பின்றி ஆடும். நூறாண்டுப் பூச்சும் பாழாகும். சுவரை விட்டுவிடுங்கள், தரையை நம்புங்கள். ஆத்தங்குடிக் கல்லிலும் துளையிட வேண்டாம். அந்த நிறத்தில் மாற்றுக் கல் தேடி அலைய நேரிடும்.

கொட்டகையில் கல்தூண் இருந்தால் அதைவிடச் சிறந்த பிடிமானம் இல்லை. சங்கிலியைத் தூணைச் சுற்றி, கூரை வரை எழும்பாத குட்டைத் தூணாக இருந்தால் மேலே உருவ முடியாதபடி பார்த்து, பிணைத்துவிடலாம். மரத் தூணைச் சுற்றுவதாக இருந்தால் சங்கிலிக்குத் துணி உறை போடுங்கள். சில வண்டிக் கொட்டகைகளில் மாடு கட்டுவதற்கென்று பதித்த இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. நம்புவதற்கு முன் சம்மட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

சங்கிலியும் பூட்டும்

சைக்கிளோடு வரும் பின்சக்கர வளையப் பூட்டு, கடை வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்துவதற்கு ஏற்றது, இரவுக்கு ஏற்றதல்ல. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பிவடப் பூட்டுகள் பார்வைக்குத் தடித்திருந்தாலும், உள்ளே இருப்பது சிறு கம்பிகளின் முறுக்கு. கையடக்க வெட்டுக் கருவி அதைச் சில நொடிகளில் கடித்துவிடும். வீட்டில் நிரந்தரமாக வைக்கும் சங்கிலிக்கு எடை ஒரு குறையே இல்லை, ஏனென்றால் அதைத் தூக்கிச் செல்லப் போவதில்லை. எனவே கடினப்படுத்திய எஃகினால் ஆன, கண்ணியின் தடிமன் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத சங்கிலியாக வாங்குங்கள். 12 இருந்தால் இன்னும் நல்லது. ஹார்டுவேர் கடையில் எடைபோட்டு விற்கும் சாதாரணச் சங்கிலி, அதே தடிமனில் இருந்தாலும், பெரும்பாலும் மெல்லிரும்பு. அரம் கொண்டு ஒரு கண்ணியைத் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: மெல்லிரும்பில் அரம் பிடித்துத் தின்னும், கடினப்படுத்தியதில் வழுக்கும். பாட்டரியில் ஓடும் கிரைண்டர் எல்லாவற்றையும் அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஓலம் தெரு முழுவதும் கேட்கும்; கேட்க ஆள் இருக்கும் இடத்தில் சைக்கிளை வைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுவே.

பூட்டைப் பொறுத்தவரை நமக்கு அருகிலேயே திண்டுக்கல் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கும் நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் ஒரே 2019-ஆம் ஆண்டில்தான் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை இங்குள்ள கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பூட்டு வாங்கும்போது லீவர் எண்ணிக்கையோடு வளைவுக் கம்பியின் தடிமனையும், பூட்டிய நிலையில் அந்தக் கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதையும் பாருங்கள். இடைவெளி குறையக் குறைய, கடப்பாரை முனை நுழைய இடம் குறையும். பூட்டை மாட்டும்போதும் அது தரையில் கிடக்காதபடி தொங்கவிட வேண்டும். தரையில் கிடக்கும் பூட்டைச் சம்மட்டியால் அடிப்பது எளிது. மழைக்காலத்தில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் போதும்.

பிணைக்கும் முறை ஒன்றே: சங்கிலி பின்சக்கரத்தின் ஊடாகவும், சைக்கிளின் சட்டத்தின் (பிரேமின்) ஊடாகவும், தரை வளையத்தின் ஊடாகவும் செல்ல வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பிணைத்தால் சக்கரம் மிஞ்சும், சைக்கிள் போய்விடும். கியர் சைக்கிள்களில் சக்கரத்தையும் இருக்கையையும் கருவி இல்லாமலே நெம்பித் திறக்கும் அமைப்பு இருக்கும். அதை மரை போட்ட சாதாரண அச்சாக மாற்றித்தரச் சைக்கிள் கடையில் கேளுங்கள். மின்சார சைக்கிளானால் பாட்டரியை இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வண்டியில் விலை மிகுந்த உறுப்பு அதுதான்.

அடையாளம்

சைக்கிளுக்குப் பதிவெண் பலகை கிடையாது. இருப்பது சைக்கிளின் சட்டத்தில் பொறித்த எண் ஒன்றுதான். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால், பெடல் அச்சுச் செல்லும் குழாயின் அடிப்புறத்தில் பெரும்பாலும் அது தெரியும். சிலவற்றில் இருக்கைக்குக் கீழுள்ள குழாயில் இருக்கும். சேற்றையும் கிரீஸையும் துடைத்துவிட்டு எண்ணைப் படம் எடுங்கள். பிறகு சைக்கிளின் வலப்பக்க முழுத் தோற்றம், கீறல், ஒட்டுப்போட்ட இடம், மாற்றிய உறுப்பு என்று நான்கைந்து படங்கள் எடுத்து, வாங்கிய ரசீதின் படத்தோடு சேர்த்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துவிடுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால், கைப்பேசி தொலைகிற அன்று அதுவும் போய்விடும்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரே பள்ளியில் நூறு சைக்கிள் ஒரே தோற்றத்தில் நிற்கும்போது திருட்டு என்றே சொல்ல முடியாத குழப்பமும் நடக்கிறது; ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பெயர் முதலெழுத்தையும் ஓர் எண்ணையும் சட்டத்தில் இரண்டு இடங்களில் பெயின்ட்டால் எழுதுங்கள், ஒன்று எளிதில் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். கூடவே, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி இருக்கைக் குழாய்க்குள் போட்டுவையுங்கள். சைக்கிள் கிடைத்து, 'என்னுடையது' என்று இருவர் நிற்கும்போது அந்தத் துண்டுக் காகிதம் பேசும்.

இந்த ஊர்க் கொட்டகைகளில் பழைய சைக்கிள்களும் உண்டு. ராலே, ஹம்பர் என்று தாத்தா காலத்து வண்டிகள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதை நடத்திய முருகப்பா குடும்பத்தின் பூர்விகம் இதே பள்ளத்தூர். ஆகவே அந்த வண்டிகள் இங்குள்ள சிலருக்கு ஊர்ச் சொத்தைப் போல. துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று அவற்றைப் பூட்டாமல் விடாதீர்கள். காயலான் கடையில் இரும்பு விலைக்குப் போகும் பொருள், பழம்பொருள் விரும்பிகளிடம் வேறு விலைக்குப் போகும். கூட இருக்கும் பித்தளை மணி, டைனமோ விளக்கு ஆகியவற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

சாவி யாரிடம் இருக்கிறது?

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. ஒரு பெரிய வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். அறை ஒவ்வொன்றும் அவரவர் பூட்டில். ஆனால் கொட்டகையும் பின்வாசலும் பொது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் பங்காளிகள் கூடும்போது கொட்டகைச் சாவி கைமாறிக் கைமாறி, சமையல்காரர், பந்தல்காரர், கார் ஓட்டுநர் வரைக்கும் போய்விட்டு ஆணியில் வந்து தொங்கும். அவர்களில் யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. எத்தனை சாவி இருக்கிறது, எவரெவரிடம் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெரிய விசேஷம் ஒன்று முடிந்ததும் கொட்டகைப் பூட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பங்காளிகளுக்குப் புதுச் சாவியை அனுப்பிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. வாடகைக்கு வருபவர்கள், முன்பிருந்தவரின் பூட்டை முதல் நாளிலேயே மாற்றிவிட வேண்டும். நிலைக்கு மேலேயும் துளசி மாடத்துக்குப் பின்னும் சாவி வைக்கும் வழக்கத்தை இனியாவது விடுங்கள். அந்த இடங்கள் ஊருக்கே தெரியும்.

விளக்கும் கேமராவும்

ஆள் அசைந்தால் எரியும் சூரிய மின்விளக்கு ஒன்றைப் பின்வாசலுக்கு மேல், கை எட்டாத உயரத்தில் வைத்தால் மின்தடை இரவிலும் வேலை செய்யும். இரவெல்லாம் எரியும் விளக்கைவிட, திடீரென்று எரியும் விளக்கே பக்கத்து வீட்டுக் காவல்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கேமராவுக்குச் செலவு செய்வது இதற்குப் பிறகுதான். இணைய இணைப்பில்லாத வீட்டுக்கு, சிம் அட்டை போட்டு இயங்கும் 4ஜி கேமரா பொருந்தும். கூரை உயரத்தில் மட்டும் வைத்தால் தலைப்பாகையும் தொப்பியும்தான் பதிவாகும். கொட்டகைக்கு உள்ளே, கதவைத் திறந்து நுழைபவரின் முகம் நேரே தெரியும் உயரத்திலும் ஒன்று இருக்க வேண்டும். பதிவுப் பெட்டியைக் கொட்டகையிலேயே வைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலந்தி வலைதான் கேமராவின் முதல் எதிரி. மாதம் ஒருமுறை துணியால் துடைக்காவிட்டால் இரவுக் காட்சி முழுவதும் வெண்புகையாகத் தெரியும். பக்கத்து வீட்டு முற்றம் அதில் விழாதபடி திருப்பி வைப்பது மரியாதை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்கள்

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் புறப்படும் நாட்களில் தெருத்தெருவாக வீடுகள் காலியாகும். அப்படிப்பட்ட நாட்களில் சைக்கிளை இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிட்டு, பின்வாசலை உட்புறம் கணையமரம் போட்டுப் பூட்டி, முன்வாசல் வழியாக வெளியேறுங்கள். பால், செய்தித்தாள் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வீடு பூட்டியிருக்கும் என்பதை உங்கள் எல்லைக்குரிய காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், இரவு ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். பின்தெருவிலும் ஒரு வாசல் உண்டு என்பதை அந்தக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவியிருப்பதால், கோனாபட்டு, ராயவரம் பக்கம் குடிவந்தவர்கள் எந்தக் காவல் நிலையம் தங்களுக்குரியது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். 2021 முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம் போன்ற பேரிடர்களுக்கானது. அத்தகைய நிகழ்வைத் தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். பூட்டை உடைத்து நடக்கும் களவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வீடு தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் என்ன விதி என்பதையும் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த ஊருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

திருட்டு நடந்துவிட்டால்

எதையும் தொடாமல், கழன்ற கொண்டி, கிடக்கும் திருகாணி, கால்தடம் என எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு 112 அல்லது 100-ஐ அழையுங்கள். பிறகு புகாரை எழுத்தில் கொடுங்கள். இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு சாதாரணத் திருட்டைப் பற்றியது. களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை விசாரிக்க இயலாத குற்றவகையில் அது சேர்ந்துவிடும். பழைய சைக்கிள்கள் பல இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் மனிதர் வசிக்கும் கட்டடத்திலோ பொருள்களைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டு 305-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே 'சைக்கிள் காணவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதாமல், பூட்டிய கொட்டகைக்குள் வைத்திருந்ததையும், கொண்டியைக் கழற்றி உள்ளே நுழைந்ததையும் விவரமாக எழுத வேண்டும். சைக்கிள் சட்டத்தில் பொறித்த எண், ரசீது நகல், படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள் என்றால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு தொடர்ந்து கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதே நாளில் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள பழைய சைக்கிள் கடைகளுக்கும் காயலான் கடைகளுக்கும் படத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 317-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது அவர்களுக்கும் தெரியும். படம் முன்னமே வந்துவிட்டால் 'தெரியாது' என்று சொல்ல வழியிருக்காது.

என் சைக்கிள் ஐந்தாம் வாரம் கிடைத்தது. காவல் நிலையத்தில் அதைப் பார்த்தவுடன் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணிப் போனேன். மீட்ட பொருள் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும் என்பதும், இடைக்காலமாகப் பெறுவதற்கு நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மனுவோடு கேட்டவை இரண்டே: வாங்கிய ரசீதும் சைக்கிள் சட்டத்தில் பொறித்த எண்ணும். ரசீது இருந்தது. எண்ணை நான் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதால், சைக்கிள் விற்ற கடைக்காரரின் பழைய பேரேட்டைப் புரட்டித் தேடி எடுக்க இன்னும் ஒன்பது நாட்கள் ஆயின.